தூரிகையை விட்டாலும் பூவை விடாத லிலியாஸ் டிரோட்டர்

பெரிய ஓவியராகப் பெயர் வாங்கும் வாய்ப்பு தேடி வந்தது. அதை விட்டுவிட்டு ஏழைப் பெண்களுக்குத் தொண்டு செய்யப் போனவர் லிலியாஸ் டிரோட்டர். செடி, பூ, விதை ஆகியவற்றை உவமையாக்கி கிறிஸ்துவ ஆன்மிக நூல்களை எழுதியவரும் இவரே.

லிலியாஸ் 1853-இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1876-இல் தாயாருடன் இத்தாலியின் வெனிஸ் நகருக்குச் சென்றார். புகழ்பெற்ற கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் அங்கு இருப்பதை அறிந்த தாயார், மகளின் நீர்வண்ண ஓவியங்களை அவருக்கு அனுப்பினார். பெண்களால் நன்றாக வரைய முடியாது என்று எண்ணியிருந்த ரஸ்கின், அவற்றைப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். லிலியாஸுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஓவியத்துக்கே வாழ்வை ஒப்படைத்தால் உச்சத்தைத் தொடலாம் என்றும் ஊக்கமூட்டினார்.

ஆனால், அப்போது லண்டனில் வேலை செய்யும் இளம்பெண்களுக்கான தொண்டில் லிலியாஸ் ஈடுபட்டிருந்தார். இரண்டையும் முழு மனத்தோடு செய்ய முடியாது என உணர்ந்தார். 1879-இல் தொண்டையே தேர்ந்தெடுத்தார். ரஸ்கினுக்கு ஏமாற்றம்தான், எனினும் நட்பு முறியவில்லை.

1888-இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவுக்குப் புறப்பட்டார். உடல்நலக் குறைவால் மிஷன் அமைப்பு ஏற்க மறுத்தது. தோழியர் இருவருடன் சொந்தச் செலவில் சென்றார். அரபு மொழியும் தெரியாது. ஆனாலும் 40 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்.

அப்படியானால் ஓவியம் வீணாகிவிட்டதா? இல்லை. நாட்குறிப்பின் பக்கங்களில் சின்னச் சின்ன ஓவியங்களை வரைந்தார். 1895-இல் வெளிவந்த 'சிலுவையின் உவமைகள்' என்னும் ஆங்கில நூலுக்குப் படங்களையும் அவரே தீட்டினார். காட்டு ரோஜா இதழ்களை உதிர்த்த பிறகே காய் உருவாகிறது. டாண்டலியன் என்னும் மஞ்சள் பூ, கடைசியில் தன் விதைகளையும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இழப்பு முடிவல்ல, புதிய வாழ்வின் தொடக்கம் என்பதை இவற்றைக் காட்டியே விளக்கினார்.

வெயிலில் மின்னிய ஒரு டாண்டலியன் பூவே அவருடைய சிறு கட்டுரை ஒன்றுக்கும் வித்தானது. அதைப் படித்த ஹெலன் லெமல் எழுதிய ஞானப்பாடல் உலகெங்கும் பரவியது.

1928-இல் லிலியாஸ் அல்ஜீரியாவிலேயே மறைந்தார். ஓவியராகும் வாய்ப்பை அவர் விட்டார். உற்றுப் பார்க்கும் கண்ணை விடவில்லை. அந்தக் கண்தான் அவரை எழுத்தாளர் ஆக்கியது.