வளரும் பன்றிகளுக்கு உருளைக்கிழங்கும் உப ஆகாரமும்

கொடைக்கானலுக்கு மேற்கே, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில் மத்திய சர்க்காரின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் 1965-ஆம் வருஷம் முதல் நடைபெற்று வருகிறது. அங்கு ஆடும் முயலுமே பிரதானம். ஆயினும், கழிவுக் கிழங்கு மலிந்த இம்மலையில் பன்றி வளர்க்க விரும்பும் குடியானவர்களுக்குச் சில விஷயங்களைக் கூறுவது அவசியமாகும்.

கிழங்கு சும்மா கிடைக்கிறதென்று அதை மட்டுமே போட்டு வளர்ப்பவர் நஷ்டமே அடைவர். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சிய உலர்ந்த பாகத்திலும் புரதம் நூற்றுக்குப் பத்தே. வளரும் குட்டிக்கோ சுமார் 18 பங்கு வேண்டும். ஆகவே வயிறு நிரம்பும், எடை ஏறாது.

கிழங்கை அவித்தே கொடுக்க வேண்டும். பச்சை மாவு பன்றிக்கு நன்கு ஜீரணமாகாது. பச்சை நிறமேறியவையும் முளைவிட்டவையும் விஷமுள்ளவை, அவற்றை விலக்குக. அவித்த நீரையும் கொட்டிவிடுக. ஒரு கிலோ தானியத்திற்கு ஈடாக நான்கு முதல் நாலரை கிலோ கிழங்கு கொடுக்கலாம். எனினும் தீவனத்தின் உலர்ந்த பாகத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கிழங்கு வேண்டாம்.

இனி உப ஆகாரம். புரதத்தின் கூறுகளில் லைஸின் என்பது தானியத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் குறைவு. கல் குவிந்து கிடந்தும் சுண்ணாம்பு இல்லாவிடில் சுவர் எழும்பாததுபோல, லைஸின் குறைந்தால் மற்றப் புரதமும் வீணாகும். சோயாப் பிண்ணாக்கும் மீன் தூளும் இக்குறையைத் தீர்க்கும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடவே வேண்டாம்.

தாது உப்புக் கலவை 100 கிலோ தீவனத்திற்கு இரண்டு கிலோ சேர்க்கலாம். அதற்குமேல் சுண்ணாம்புச் சத்தை அள்ளிப் போடுவது கெடுதி. துத்தநாகம் உடலில் சேராமல் தோல் தடித்து வெடிக்கும். இந்நோய் துத்தநாகக் குறைவால் வருவதென்று 1955-இல் அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்டது. சீக்கிரம் வளரட்டுமென்று மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதும் தவறு. கொலிஸ்டின் என்னும் மருந்தை அவ்வாறு உபயோகிப்பதை 2019-இல் இந்திய சர்க்கார் தடை செய்தது.

மலைக் குளிரையும் மறக்கலாகாது. ஈரத்தரையில் நடுங்கும் குட்டி தின்றதையெல்லாம் உடல் வெப்பத்திற்கே செலவிடும். காற்றடிக்காத கொட்டிலும் உலர்ந்த வைக்கோல் படுக்கையும் எந்த உப ஆகாரத்திற்கும் குறைந்தவையல்ல.

மாதம் ஒருமுறை குட்டிகளை நிறுத்து, கொடுத்த தீவனத்தையும் குறித்து வருக. ஒரு கிலோ எடை ஏற, உலர்ந்த கணக்கில் மூன்று கிலோ தீவனம் செலவானால் நன்று. நான்கைத் தாண்டினால் தீவனத்திலோ கொட்டிலிலோ குட்டியின் உடல்நிலையிலோ குறையுண்டு. அதை அறிந்து திருத்திய பின்னரே புதுச் சாமான் எதற்கும் பணம் செலவிடுக.