ஜூலையில் பிறந்த குழந்தை: எல்கேஜியா, இன்னொரு வருஷம் அங்கன்வாடியா?

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை ஜூலை 31 ராத்திரி 11.50-க்குப் பிறந்தால், அது ஒரு செட் மாணவர்களில் கடைசிக் குட்டி. இருபது நிமிஷம் தாமதமாகப் பிறந்து தேதி ஆகஸ்ட் 1 ஆகிவிட்டால், அடுத்த செட்டில் அதுதான் மூத்த பிள்ளை. சாஃப்ட்வேர் வேலையில் இந்த மாதிரி எல்லைக்கோட்டு கேஸ்களைத்தான் முதலில் டெஸ்ட் பண்ணுவோம். விதி சரியா தப்பான்னு அங்கதான் தெரியும்.

இதைத் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் தங்கச்சி பையன். 2023 ஜூலை 20 பிறப்பு. தங்கச்சி வீடு தாராசுரத்தில். மாப்பிள்ளை பட்டுத்தறி போட்டிருக்கார், தார் சுத்துறது முதல் பாதி வேலை தங்கச்சிதான். இந்த ஜூன்ல பக்கத்துத் தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்கலாமா, இல்லை தெருமுனை அங்கன்வாடிக்கு ஒரு வருஷம் அனுப்பிட்டு அடுத்த ஜூன்ல பார்க்கலாமா என்பது கேள்வி. "அண்ணே, நீ எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, இதைப் படிச்சுச் சொல்லேன்" என்றாள். படிச்ச வரைக்கும் கிடைச்சதை இங்கே எழுதி வைக்கிறேன். மே, ஜூன், ஜூலையில் பிறந்த குழந்தை இருக்கிற எல்லாருக்கும் உதவும்.

முதலில் விதிகள்

மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று 3 வயசு முடிந்திருந்தால் எல்கேஜி, 4 முடிந்திருந்தால் யுகேஜி, 5 முடிந்திருந்தால் ஒண்ணாங்கிளாஸ். பள்ளி திறப்பது ஜூனில் என்பதால், ஜூலைக் குழந்தை எல்கேஜி பெஞ்சில் உட்காரும்போது அதுக்கு இன்னும் 3 வயசு முடியலை.

மத்திய அரசின் கணக்கு வேற. 2020 தேசியக் கல்விக் கொள்கை 3 வயதிலிருந்து 6 வயது வரை மூன்று வருஷம் முன்பருவக் கல்வி, 6 முடிந்த பிறகு ஒண்ணாங்கிளாஸ் என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 சேர்க்கையிலிருந்து மார்ச் 31-க்குள் 6 வயசு முடிந்திருக்கணும் என்று மாற்றின. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. கர்நாடகமும் ஜூன் 1-க்குள் 6 வயசு என்று கொண்டுவந்தது. பெற்றோர் எதிர்ப்பால் 2025-26-க்கு மட்டும் 5 வயசு 5 மாசம் போதும் என்று தளர்த்த வேண்டியதாயிற்று. தமிழ்நாடு 5 வயதிலேயே நிற்கிறது.

தங்கச்சி பையனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால்:

இந்த வருஷமே எல்கேஜி என்றால் 2028 ஜூனில் ஒண்ணாங்கிளாஸ், அப்போது வயசு 4 வருஷம் 10 மாசம்.

ஒரு வருஷம் கழிச்சு எல்கேஜி என்றால் 2029-இல் ஒண்ணாங்கிளாஸ், 5 வருஷம் 10 மாசம்.

கேந்திரிய வித்யாலயா என்றால் 2030-இல்தான் ஒண்ணாங்கிளாஸ்.

ஒரே பையன், ஒரே பிறந்தநாள், ரெண்டு வருஷ வித்தியாசம். மத்திய அரசு வேலை, ராணுவம் என்று மாற்றல் வரக்கூடிய குடும்பம் என்றால் இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்மானிச்சிடும். இப்ப அவசரப்பட்டுச் சேர்த்து ஒண்ணாங்கிளாஸ் முடிச்ச பிள்ளையைத் திரும்ப ஒண்ணாங்கிளாஸில் உட்கார வைக்கிற நிலை வரலாம்.

எங்க அப்பா காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடணும், தொட்டால் சேர்க்கை. பிறந்த தேதியை வாத்தியாரே ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்வார். பெரியவர்கள் பலருக்கு ஆவணங்களில் பிறந்தநாள் மே, ஜூனில் விழுவது இப்படித்தான். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிசு, கை குட்டை. காது எட்டுவதற்கு ஏறக்குறைய ஆறு வயசு ஆகும். அந்தச் சோதனை காலண்டரைப் பார்க்கவில்லை, பிள்ளை வளர்ந்திருக்கா என்று பார்த்தது. இப்போது அதுக்கு இடமில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழ்தான் வயசுக்கு ஆதாரம்.

மூணில் ஒரு பங்கு

தங்கச்சி பையனோடு அதே எல்கேஜியில் 2022 ஆகஸ்ட் 5-இல் பிறந்த ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் ஆரம்பத்தில் இவனுக்கு முப்பத்திநாலரை மாசம், அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தாறு. வித்தியாசம் பதினொன்றரை மாசம். அதாவது இவன் மொத்தம் வாழ்ந்த காலத்தில் மூணில் ஒரு பங்கு! பென்சில் பிடிக்கிறது, பாத்ரூம் வருதுன்னு சொல்றது, பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்காருவது எல்லாத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். இதே ரெண்டு பேரும் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது அதே பதினொன்றரை மாசம் இவன் வயசில் 7 சதவீதம்தான்.

இடைவெளி தானாகவே சுருங்கும். அது சுருங்குவதற்கு முன்னாடி யாராவது பிள்ளைமேல் 'மந்தம்' என்று முத்திரை குத்திவிடுவார்களா என்பதுதான் கவலை.

இதை உலகம் முழுக்க அளந்திருக்கிறார்கள். கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-இல் பல நாட்டுத் தேர்வு முடிவுகளை வைத்துப் பார்த்தார்கள். வகுப்பின் இளைய பிள்ளைகள் மூத்த பிள்ளைகளைவிட நாலாம் வகுப்பில் 4 முதல் 12 பெர்சன்டைல் வரை பின்தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது 2 முதல் 9. குறையுது, ஆனால் மறையலை.

முத்திரை விஷயத்துக்கு 2018-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. செப்டம்பர் 1 எல்லைக்கோடாக இருக்கிற மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த (அதாவது வகுப்பிலேயே இளைய) பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு-மிகைச்செயல்பாடு என்ற ஏடிஹெச்டி நோய் இருப்பதாகச் சொல்லப்படுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம். எல்லைக்கோடு அங்கே இல்லாத மாநிலங்களில் இந்த வித்தியாசம் இல்லை. பிள்ளைக்கு வியாதி இல்லை, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைவிட ஒரு வயசு கம்மி, அவ்வளவுதான்.

அப்போ காத்திருந்தால் போதுமா?

இங்கதான் பலரும் பாதியில் நிறுத்திடறாங்க. மறுபக்கமும் இருக்கு.

நார்வேயில் சாண்ட்ரா பிளாக் குழுவினர் மொத்த மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்துப் பண்ணிய ஆய்வு 2011-இல் வந்தது. முன்கூட்டியே பள்ளிக்குப் போனவர்களுக்கு 18 வயதில் ஐக்யூ கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. மொத்தம் எவ்வளவு படித்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசமில்லை. 30 வயதுக்குள் சம்பளத்திலும் வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

அமெரிக்காவில் டாட் எல்டர், டேரன் லுபோட்ஸ்கி 2009-இல் சொன்னது இன்னும் சுவாரசியம். மூத்த பிள்ளைகள் முன்னிலையில் இருப்பது பள்ளிக்கு வந்த முதல் நாளிலேயே தெரியுது. அவர்கள் வேகமாகக் கற்றதால் வந்ததில்லை, வீட்டில் ஒரு வருஷம் கூடுதலாக இருந்து சேர்த்துக்கொண்டு வந்தது. அந்த இடைவெளி வசதியான குடும்பங்களில்தான் பெரிசு. அதாவது காத்திருக்கிற வருஷத்தில் வீட்டில் கதை, புத்தகம், பேச்சு கிடைத்தால் அந்த வருஷத்துக்கு மதிப்பு உண்டு. டிவி முன்னாடியோ போன் முன்னாடியோ கழிந்தால் அது வெறும் தாமதம்.

டென்மார்க்கில் ஒரு வருஷம் தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு 7 வயதில் கவனச் சிதறல் நன்றாகவே குறைந்திருந்தது, 11 வயதிலும் அது நீடித்தது என்று தாமஸ் டீ, ஹான்ஸ் சீவர்ட்சன் காட்டினார்கள். இதைப் படிச்சிட்டு "பார்த்தியா, காத்திருக்கணும்" என்று கிளம்புவதற்கு முன் ஒண்ணு கவனிக்கணும். டென்மார்க்கில் அந்தப் பிள்ளைகள் காத்திருந்தது நல்ல பகல்நேரக் காப்பகங்களில்.

எங்க பக்கம் விவசாயம் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை. பழைய முறையில் 25, 30 நாள் நாற்றைப் பறிச்சு நடுவாங்க. திருந்திய நெல் சாகுபடி என்று வந்ததில் 14, 15 நாள் இளநாற்று, ஒத்தை ஒத்தையாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில். இளநாற்று நல்லாவே தூர் கட்டும், ஆனால் வயலை மட்டமாகச் சமன் பண்ணணும், தண்ணியைக் கட்டி வைக்காமல் அளவாக விடணும். பழைய மாதிரி வயலில் இளநாற்றை நட்டால் முழுகிப் போயிடும். நாற்றின் வயசைக் கேட்கிறவன் வயலையும் கேட்கணும்.

நம்ம ஊர் வயல் எப்படி?

நம்ம கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் மூவரும் இங்குள்ள அங்கன்வாடிகளில் ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களுக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கிற நேரம் இரண்டு மடங்கானது. 18 மாசத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது.

கட்டடம், பாடத்திட்டம், பெயர்ப்பலகை எதுவும் மாறலை. ஒரு ஆள் கூடுதலாக வந்தார், பிள்ளைகளோடு உட்கார நேரம் கிடைத்தது. நான் படித்ததிலேயே இந்தக் கேள்விக்கு மிக உபயோகமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். தனி அங்கன்வாடிப் பணியாளர் சத்துமாவு கொடுத்து, எடை பார்த்து, பதிவேடு எழுதி, சமையலையும் மேற்பார்த்து, மிச்ச நேரத்தில்தான் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்துக்கு வரமுடியும்.

தனியார் எல்கேஜி மட்டும் தானாகவே ஒசத்தியாகிவிடாது. 2022-இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டம் 3 முதல் 6 வயசுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமே வேண்டாம் என்கிறது. பல பள்ளிகளில் நடப்பது நாலு கோடு நோட்டு, வீட்டுப்பாடம், தேர்வு. 34 மாசக் குழந்தையின் விரலுக்கு அது ஆகாது.

பணமும் ஒரு விஷயம்

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இதை ரெண்டு தரம் படிக்கணும். அந்த எல்கேஜி இடத்துக்குப் பிறந்த தேதி ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை என்று ஒரே ஒரு வருஷ ஜன்னல்தான். ஜூலைக் குழந்தை ஒரு வருஷம் காத்திருந்தால் அடுத்த வருஷ ஜன்னலுக்கு வயசு கூடிவிடும், அந்த வாய்ப்பு போய்விடும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குக் காத்திருப்பதன் உண்மையான விலை இதுதான்.

இன்னொரு பயம்: "ஒரு வருஷம் பின்னாடி போனா நீட்டுக்கு லேட் ஆகாதா?" நீட்டுக்கு இப்போதைய விதி, சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயசு முடியணும். ஜூலைக் குழந்தை சீக்கிரம் சேர்ந்தாலும் அதில் தப்பிச்சிடும், தாமதமாகச் சேர்ந்தாலும் தடையில்லை. இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

பின்னாடி பார்த்துக்கலாம் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல விதிதான். ஆனால் ஒரு வருஷம் தள்ளிப் போடணும் என்றால் அதுக்கான இடம் ஒண்ணாங்கிளாஸுக்கு முன்னாடிதான் இருக்கு. யுகேஜி முடிச்சு, நண்பர்களெல்லாம் மேலே போகும்போது நிறுத்துவதைவிட, எல்கேஜிக்கு முன்னாடி காத்திருப்பது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

தங்கச்சிக்குச் சொன்னது

ரெண்டு இடத்துக்கும் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய் அரைமணி நேரம் நின்னு பார்க்கச் சொன்னேன். ஒருத்தருக்கு எத்தனை பிள்ளைகள்? அந்த அரைமணியில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம் எவ்வளவு நேரம் பேசினார், கதை சொன்னார்? உட்கார்ந்து எழுத வைக்கிறார்களா? டவுசரை நனைச்சிட்டா யார் மாத்துவாங்க?

அங்கன்வாடியில் பதினாலு பிள்ளைகள், பாட்டுக்கும் கதைக்கும் இருக்கிற ஒரு ஆயா, முட்டையோடு மத்தியானச் சாப்பாடு. தனியார் பள்ளியில் ஒரே டீச்சர், முப்பதுக்கு மேல் பிள்ளைகள், ஜூலையிலேயே எழுத்து. 25 சதவீத இடம் போகும் என்று தெரிஞ்சேதான் அவள் அங்கன்வாடியைத் தேர்ந்தெடுத்தாள். அதுவும் குலுக்கல்தானே என்றாள். சாயங்காலம் ஒரு கதைப் புத்தகம் வாசிப்பது மாப்பிள்ளை பொறுப்பு.

உங்க தெருவில் நிலைமை நேர் எதிராக இருக்கலாம். அங்கன்வாடி பாதி நாள் பூட்டியிருந்து, பக்கத்து எல்கேஜியில் இருபது பிள்ளைகளுக்கு ரெண்டு டீச்சர், மண்ணில் விளையாட விடுகிற பள்ளி என்றால், ஜூலைக் குழந்தையைத் தயங்காமல் அங்கே சேருங்கள். ஆனால் சேர்க்கிற அன்னிக்கே டீச்சரிடம் பிறந்த தேதியைச் சொல்லி, "இவன்தான் வகுப்பிலேயே சின்னவன், கொஞ்சம் பொறுத்துப் பாருங்க டீச்சர்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடத் தோன்றினால், முதலில் ரெண்டு பேருடைய பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.