புயலடித்த வீடும் இன்ஷூரன்ஸ் கணக்கும்

நம் சங்கத்தில் சொந்த வீடோ ஃப்ளாட்டோ வாங்காத குடும்பம் இப்போது குறைவு. பெரும்பாலோர் வங்கிக் கடனில் வாங்கியவர்கள். வங்கி கேட்டது என்பதற்காக வீட்டுக்கு இன்ஷூரன்ஸும் எடுத்திருப்பார்கள். அந்தப் பாலிசியைப் பிரித்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? நான் படிக்கவில்லை. அதன் பலனை அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

2020 மே 20ஆம் தேதி உம்பூன் புயல் கல்கத்தாவைத் தாக்கியது நினைவிருக்கும். மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான காற்று. பேஹாலாவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கிருஷ்ணசூடா மரம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்தது. மாடிப்படிக் கொட்டகையின் ஷீட்டுகள் பறந்தன. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, இரவெல்லாம் மழை கூடத்துக்குள் அடித்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த என் மனைவியின் வீணையும் நனைந்து, குடத்தில் விரிசல் கண்டது.

மறுநாளே கம்பெனிக்குத் தெரிவிக்க முயன்றேன். போன் கிடைக்கவில்லை. மின்சாரம் வந்து கடிதம் போய்ச் சேர ஐந்து நாளாயிற்று. ஊரடங்குக் காலம் வேறு. ஸர்வேயர் வந்தது பதினேழாம் நாள். அதற்குள் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். கூடத்துச் சுவரின் காரைப் பூச்சு தலையில் விழும் போலிருந்ததால், ராஜ்மிஸ்திரியைக் கூப்பிட்டுத் தட்டி எடுக்கச் சொன்னேன்.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் கட்டிடப் பிரிவில் இருந்தவன் நான். மூடப்போகும் வேலையை மூடுமுன் அளந்து எம்.பி. புத்தகத்தில் ஏற்று என்று எத்தனை காண்டிராக்டர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்! எம்.பி.யில் ஏறாத வேலைக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. என் வீட்டுச் சுவரை மட்டும் அளக்காமல், படம் எடுக்காமல் இடித்தேன்.

ஸர்வேயர் மரியாதையான வங்காளிப் பையன். "மேசோமஷாய், இந்த ஈரம் பழசு மாதிரி இருக்கிறதே" என்றார். நாள்பட்ட கசிவுக்குப் பாலிசியில் இடமில்லை. புயலில் வந்த நீர்தான் என்று காட்ட என்னிடம் சாட்சியில்லை. 2,10,000 ரூபாய்க்கு நான் கொடுத்த எஸ்டிமேட்டில் காரைப் பூச்சுக்கான 40,000 அங்கேயே போயிற்று. மீதி 1,70,000இல் பழமைக்காக 20 சதவீதத் தேய்மானம் கழித்து 1,36,000 என்றார்கள். கழிப்பது முறைதான், நானும் கழித்திருப்பேன்.

அதற்கடுத்த அடிதான் நான் எதிர்பாராதது. 2009இல் பாலிசி எடுத்தபோது வங்கி எங்கள் கடன் தொகையான 12 லட்சத்தையே காப்புத் தொகையாக எழுதியிருந்தது. கட்டிடத்தின் மதிப்போ, வயதைக் கழித்த பிறகும் 20 லட்சம். நூற்றுக்கு அறுபது பங்குக்குத்தான் இன்ஷூரன்ஸ். மீதி நாற்பதுக்கு நானே இன்ஷூரன்ஸ் கம்பெனி! எனவே நஷ்டத்திலும் அறுபது பங்குதான். இதை 'ஆவரேஜ்' விதி என்பார்கள். வீடு முழுவதும் போனால்தான் தொகை பற்றாது என்று நினைத்திருந்தேன். சிறு சேதத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கைக்கு வர இருந்தது 81,600. பாலிசி கட்டிடத்துக்கு மட்டுமே என்பதால் வீணைக்கு ஒன்றுமில்லை.

"ஊரார் வீட்டுக்கெல்லாம் எஸ்டிமேட் போட்டீங்க. நம்ம வீட்டுக்குப் போடலியே" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

ஆனால் சுவரைக் காப்பாற்றியது அவள்தான். 2019 நவராத்திரிக்கு அதே கூடத்தில் கொலு வைத்திருந்தோம். மகன் போனில் எடுத்த படங்களில் படிகளுக்குப் பின்னால் சுவர் பளிச்சென்று இருக்கிறது, ஒரு கறை கிடையாது. தேதியோடு அந்தப் படங்களை வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போவதாகவும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எனக்கு அதற்கு அவசியம் ஏற்படவில்லை. 40,000ஐச் சேர்த்துக்கொண்டு 1,00,800 என்று திருத்தினார்கள்.

செக் வரவும் தடங்கல். கடன் 2019லேயே தீர்ந்தும் பாலிசியில் வங்கியின் பெயர் நீங்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்துக்காக வங்கிக்கு நாலு நடை. பணம் வந்தபோது துர்கா பூஜை முடிந்திருந்தது.

1-4-2021 முதல் வீடுகளுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி வந்திருக்கிறது. கட்டிடத்தின் பரப்பைச் சரியாகச் சொல்லியிருந்தால், தொகை குறைவு என்று விகிதம் போட்டு வெட்டுவதில்லை. நிலத்தின் விலையைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை தானாகவே காப்பு உண்டு. பழைய பாலிசியையே வருஷாவருஷம் புதுப்பித்து வருபவர்கள் அது எந்த வகை, யார் பெயரில், எவ்வளவுக்கு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீணையை அடுத்த வருஷம் தஞ்சாவூருக்கு எடுத்துப் போய்ச் சரி செய்தோம். நாதம் பழையபடி இல்லை என்கிறாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். பாலிசியைக் கொண்டுவந்தால் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். எழுத்து பொடியாக இருக்கும், மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம்.