சக்கரத்தின் மேல் கணினி – 9: சாட்டிலைட் மேல் பழி போடாதீர்கள்

காரோடு சேர்ந்தே வரும் வழிகாட்டித் திரை, பாலத்தின் மேல் போகும் வண்டியை ஆற்றுக்குள் ஓட்டிக் காட்டினால், ‘சாட்டிலைட் கிடைக்கலை’ என்று சொல்லிவிடுகிறோம். கோளாறு வண்டிக்குள்ளேயே இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, அந்தத் திரைக்குள்ளேயே மெக்கானிக்குகளுக்கென்று ஒரு சோதனைப் பக்கம் மறைந்திருக்கிறது.

2000-களின் ஹோண்டா கார்கள் பலவற்றில் மேப், மெனு, கேன்சல் பொத்தான்கள் மூன்றையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அது திறக்கும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸில் இன்ஃபோ பொத்தானை அழுத்தியபடி பார்க்கிங் விளக்கை மூன்று முறை போட்டு அணைக்க வேண்டும். யார் கையும் தவறிப் பட்டுவிடாத சேர்க்கையாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது வேகத் துடிப்பு. சக்கரம் சுழலச் சுழல வரும் இந்த மின்துடிப்பை எண்ணித்தான் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கருவி கணக்கிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் கைரோ சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வரைபடத்துச் சாலையோடு பொருத்திக்கொள்வதால்தான் சுரங்கப்பாதைக்குள்ளும் அம்புக்குறி நகர்கிறது. உள்ளே நுழைந்ததும் அம்பு நின்று, வெளியே வந்ததும் தாவினால் துடிப்பு வரும் ஒயரைச் சந்தேகியுங்கள். வளைவில் மட்டும் வழுக்கினால் கைரோவை. டயர் அளவை மாற்றியிருந்தால் ஒரு துடிப்புக்கான தூரமே மாறியிருக்கும். கருவி மறுபடி கற்றுக்கொள்ளும் வரை பொறுக்க வேண்டும். ரிவர்ஸ் சிக்னலையும் விட்டுவிடாதீர்கள்: அது மாட்டிக்கொண்டால், முன்னே போகும் வண்டியைத் திரை பின்னே இழுக்கும். இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஆன்டெனா பக்கம் போக வேண்டும்.

சாட்டிலைட்டே இல்லாமல் வழிகாட்டிய கருவியும் உண்டு. 1981-இல் ஹோண்டா விற்ற எலெக்ட்ரோ கைரோகேட்டர், ஹீலியம் வாயு கைரோவையும் சக்கரக் கணக்கையும் நம்பி, ஒளி ஊடுருவும் வரைபடத் தாளின் மேல் வண்டியின் இடத்தைக் காட்டியது.

சோதனைப் பக்கத்தில் பாருங்கள், மாற்றாதீர்கள். அமைப்புகளைக் கலைத்துவிட்டுப் பழையபடி வைக்கத் தெரியாமல் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவது வீண்செலவு.

வண்டியில் எந்தக் குறையும் இல்லாமலே கருவி தடுமாறுவதும் உண்டு. 2022 ஜனவரி 1 அன்று, உலகின் பல நாடுகளில் 2004 முதல் 2012 வரையிலான ஹோண்டா, அக்யூரா கார்கள் பலவற்றின் கடிகாரம் 2002-க்குப் போய்விட்டது. பழைய ஜி.பி.எஸ். சிக்னலில் வாரத்தைக் குறிக்க 10 பிட் மட்டுமே இடம். 1,024 வாரம் முடிந்ததும் எண் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அது ஏறத்தாழ 20 ஆண்டு. அந்தச் சுற்றை ரிசீவரின் மென்பொருள் தவறாகக் கணக்கிட்டதே காரணம் என்று பலரும் கருதினார்கள். ஒயரைச் சோதித்துப் பயனில்லை. ஆகஸ்டில் தானாகச் சரியாகும் என்றது ஹோண்டா. ஆகஸ்டு வந்தது, ஸ்குரூ எதையும் கழற்றாமலே பல கார்களின் கடிகாரம் 2022-க்கு வந்து சேர்ந்தது.

(தொடரும்)