வேலி தாண்டிய மூங்கில்

எலுவன்குளத்து வாசகர் ஒருவரின் கடிதம். இலண்டனில் அவர் மகன் தன் வீட்டுப் பின்வேலியோரம் மறைப்புக்காக மூங்கில் நட்டாராம். நாலு வருடத்தில் அது பக்கத்து வீட்டுப் புற்றரையில் முளைத்துவிட்டது. இரு வீட்டாருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. "எங்கள் வளவு மஞ்சள் மூங்கில் நட்ட இடத்திலேயே நிற்கிறதே" என்று கேட்கிறார்.

எல்லாம் கிழங்கின் குணம். நம்மூர் மூங்கிலின் கிழங்கு கட்டையானது. இஞ்சிபோலத் தாயை ஒட்டியே கிளைக்கும். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கில் நாளுக்கு ஓரடி வரை வளரும். ஆனாலும் புதரை விட்டு விலகாது. சீன, ஜப்பானிய 'ஃபில்லோஸ்டாக்கிஸ்' வகைகளோ அறுகின் சாதி. வேர்த்தண்டு மண்ணுக்குள் கிடையாக ஓடி, கணுக்களிலிருந்து முளைவிடும். எங்கள் கிணற்றடியில் அறுகு பிடுங்கிப் பிடுங்கியே அம்மாவின் விரல்நுனி காய்த்துப்போயிருந்தது. மகன் நட்டதும் இந்த ஓடும் வகையாகவே இருக்க வேண்டும். உறைபனி தாங்கும் என்ற ஒன்றைச் சொல்லி, மண்ணுக்குள் ஓடுவதைச் சொல்லாமல் கடைக்காரர் விற்பது பெரும் பிழை.

பனியும் தாங்கி, ஓடாமலும் நிற்கும் மூங்கில் உண்டு. சீன மலைகளின் 'ஃபார்ஜீசியா'. அதில் ஒன்றின் கதையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். 1907இல் தாவர சேகரிப்பாளர் ஏர்னஸ்ட் வில்சன் சீனாவின் ஹூபே மாகாணத்தில் ஒரு செடியை எடுத்தார். பின்னர் அதற்கு அவர் மகள் மியூரியலின் பெயரே வந்தது. 1913இல் அதன் ஒரு பங்கு இலண்டன் கியூ பூங்காவுக்குப் போனது. அதைப் பிரித்துப் பிரித்து நட்டே ஐரோப்பியத் தோட்டங்கள் நிறைந்தன. பல பத்தாண்டுகள் ஒரு பூவும் இல்லை. 1970களில் டென்மார்க்கில் பூக்கத் தொடங்கி, 1990களில் நாடு நாடாகப் பூத்து, விதை கொட்டி, மடிந்தன. தொட்டியில் நின்றதும் தரையில் நின்றதும் தப்பவில்லை. எத்தனை துண்டானாலும் அத்தனையும் ஒரே செடி, ஒரே வயது. இன்று விற்பனைக்கு வருபவை அந்த விதைகளின் பிள்ளைகள்.

மகனிடம் சொல்லுங்கள், ஐயா: முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அங்கே ஓடிய வேர்த்தண்டைத் தானே தோண்டி எடுத்துக் கொடுக்கட்டும். பிறகு வேலியோரம் இரண்டடிக்குமேல் ஆழமாகக் கிடங்கு வெட்டி, தடித்த பிளாஸ்டிக் தகட்டை இறக்க வேண்டும். தகட்டின் விளிம்பு தரைக்குமேல் மூன்று விரலாவது தெரியட்டும். அதற்கு மேலால் தாண்டும் தண்டை வருடந்தோறும் வெட்ட வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் கிளறி எடுத்துவிட்டு ஃபார்ஜீசியா நடுவதே நல்லது.