ஓடை நடத்திய கணக்குப் பாடம்

போன மாதக் கூட்டம் முடிந்ததும் தோழர் ஒருத்தர் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்க வேலை பாக்குற பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மலை ஏறுது, களை எடுக்குது, மாடு பாக்குதுன்னு சொல்றீங்க. அப்ப படிப்பு எப்பங்க?" அவர் பையன் ஏழாவது படிக்கிறான். நியாயமான கேள்விதான். நின்றவாக்கில் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே வாத்தியார் இல்லை. கீழ்ப்பழனி மலையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற சின்னப் பள்ளி அது. காப்பியும் மிளகும் மலைவாழையுமாக இருக்கிற அதன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் என்னோடு தோட்டத்தில் நிற்பார்கள். பிறகு மதியம் வரை வகுப்பு. வாரம் ஒருநாள் காடு, பருவத்துக்கு ஒருமுறை மூன்று நாள் நடை. இது வெளியில் தெரிகிற அட்டவணை. ஆனால் படிப்பும் காடும் எங்கே ஒட்டுகிறது என்பது எனக்கே ஒரு அக்டோபர் மாதம்தான் விளங்கியது.

அன்று பதினான்கு பிள்ளைகள், பெரியவங்க நானும் ஒரு டீச்சரும். காலையில் கணுக்கால் தண்ணியில் ஓடையைக் கடந்து மேட்டுக்குப் போனோம். எங்க தலைக்கு மேலே நல்ல வெயில். மூணு மணிக்குத் திரும்பி வந்தால் ஓடை முழங்காலுக்கு ஓடுகிறது. மழை எங்கேயோ மேலே பெய்திருக்கிறது. பெரிய பசங்க கயிற்றைக் கட்டிக் கடந்துரலாம்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். பத்து வருஷமாப் பழகின ஓடை என்கிற தைரியம். கயிற்றை மரத்தில் சுற்றுகிறபோது பதிமூணு வயசுப் பிள்ளை ஒன்று சொன்னது: "அண்ணா, நாம வந்ததும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சி நட்டேன். பத்து நிமிஷத்துல நாலு விரக்கடை ஏறிருச்சு."

கயிற்றை அவிழ்த்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணி இடுப்புக்கு வந்தது, ஒரு மரக்கிளையே உருண்டு போச்சு. ராத்திரி பாறை இடுக்கில் பதினாறு பேரும் ஒண்டிக்கிடந்து, விடிந்து தண்ணி வடிந்த பிறகுதான் பள்ளிக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பையனுடைய அப்பா அந்த வாரமே வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். தண்ணி தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தது, சத்தமும் மாறியிருந்தது. வெள்ளம் ஏறுகிறது என்பதற்கு இந்த மூன்றும் போதும். மூன்றையும் பார்த்த பிறகும் நான் கயிறு கட்டினேன்.

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் வகுப்பை அந்த ஓடையிலேயே ஆரம்பித்தாங்க. சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தை விரித்து, ஓடைக்குத் தண்ணி தருகிற மலைச்சரிவை மேட்டு வரம்பை ஒட்டிக் கோடு போடச் சொன்னாங்க. 50,000-க்கு 1 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 500 மீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் 25 ஹெக்டேர். பிள்ளைகள் எண்ணிப் பார்த்ததில் எட்டுக் கட்டம், 200 ஹெக்டேர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்தால் அந்தச் சரிவில் விழுந்தது 8 கோடி லிட்டர். முக்கால்வாசியை மண் குடித்துவிட்டாலும் 2 கோடி லிட்டர் நாங்கள் நின்ற இடம் வழியாகத்தான் போயாகணும். அதைக் கேட்டதும் வகுப்பில் ஒருத்தரும் பேசவில்லை. சதுர அலகும் கன அளவும் அந்தப் பதினான்கு பேருக்கும் இனி மறக்காது.

இந்த வழி புதுசு இல்லை. கர்ட் ஹான் என்கிற ஜெர்மானியக் கல்வியாளர் 1920-ல் சேலம் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர் (நம்ம சேலம் இல்லை, அது ஜெர்மனியில்). இட்லரை எதிர்த்ததால் சிறைப்பட்டு, பிரிட்டனுக்குப் போய், 1934-ல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியை ஆரம்பித்தார். மலையேற்றம், கடல், மீட்புப்பணி எல்லாம் அங்கே படிப்போடு சேர்ந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மவுண்டன் ஸ்கூல் என்று ஒன்று இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அரை வருஷம் வந்து தங்கி, இயற்கைப் பண்ணையில் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள், சில நாள் காட்டில் தனியாகவும் தங்குகிறார்கள். இதைப் பார்த்து இங்கே சிலர் கயிற்றுப் பாலம் கட்டி, பனியன் கொடுத்து, 'சாகசம்' என்று காசு வாங்குகிறார்கள். மறுநாள் வகுப்பில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லையென்றால் அது வெறும் சுற்றுலா. பள்ளியைப் பார்க்கப் போகிற தோழர்கள் நடைக்குப் போன மறுநாள் நோட்டை வாங்கிப் பாருங்கள். போகிற வழியில் வெள்ளம் வந்தால் என்ன விதி என்றும் கேளுங்கள். எங்களிடம் இப்போது இருக்கிறது: மழைக்காலத்தில் ஓடை தாண்டுகிற பாதையே கிடையாது, எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பியாகணும்.

பரீட்சை? எங்கள் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பத்தாவது எழுதுகிறார்கள். 14 வயது நிரம்பியிருக்கணும், ஐந்து பாடம் தேறணும். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. பயந்துகொண்டே படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கடைசி ஆறு மாதம் தோட்ட நேரத்தைக் குறைத்து உட்கார்த்தித்தான் வைக்கிறோம், அதை மறைக்க வேண்டியதில்லை.

கட்டணம் இன்னொரு சங்கதி. இப்படிப்பட்ட பள்ளிகள் பலவும் நம்ம மாதிரி சம்சாரிக்கு எட்டாதவை. அதனால் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தாலும் நம்ம காட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். அந்தத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எவ்வளவு நிக்குதுன்னு மழை விட்டதும் பிள்ளையை வரப்பில் நடந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று குச்சி, ஒரு நூல், ஒரு கல் வைத்து ஏ-சட்டம் கட்டிவிட்டால் சமமட்டம் பார்க்க அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

குச்சி நட்ட பிள்ளை ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பாவுக்கு மூணு ஏக்கர் முருங்கை. பண்ணைக்குட்டையை ஈசானிய மூலையில்தான் வெட்டுவேன்னு இருந்தவர் அவர். விடுமுறைக்குப் போன பிள்ளை ஏ-சட்டத்தோடு ரெண்டு நாள் காட்டைச் சுற்றி, சரிவு தென்மேற்குப் பக்கம் போகுதுன்னு தாளில் போட்டுக் காட்டியிருக்கிறது. ஒரு உழவு மழைக்கு எழுபத்தைந்தாயிரம் லிட்டராவது அந்த மூலைக்கு வரும்னு கணக்கும் போட்டிருக்கிறது. குட்டை தென்மேற்கில் வெட்டியாச்சு. ஈசானியத்தில் மாட்டுக்கு ஒரு தண்ணித்தொட்டி வைத்திருக்கிறார்.