பெற்றது மூன்று

குழந்தைகள் சின்னதாக இருக்கும் வீட்டுக்குக் கடிகாரம் எதற்கு? பால்காரர் சைக்கிள் மணிக்கு ஓர் அழுகை, குக்கர் விசிலுக்கு ஓர் அழுகை, அப்பா சட்டையை மாட்டினால் மூன்றாவது அழுகை. இதை வைத்தே மணி சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் இப்போது அப்படி நடந்துகொண்டிருந்தால், இரண்டு நிமிஷம் உட்கார்ந்து இதைப் படியுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள்.

நான் சொல்வது 1980-ஆம் வருஷத்துக் கதை. மாயவரத்தில், காவிரிக்குப் பத்து நிமிஷ நடையில் எங்கள் வீடு. அவருக்குக் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா வேலை. மாமா காலமாகிவிட்டார்; அத்தை எங்களோடு இருந்தார். பெரியவனுக்கு நாலு வயசு. பாப்பாவுக்கு ஒன்பது மாசம்.

காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டுவது அத்தையின் வேலை. கால் இரண்டையும் நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீரை ஊற்றினால் தெரு முழுக்கக் கேட்கும் அந்த அழுகை. துடைத்துச் சாம்பிராணி காட்டியதும் அப்படியே தூங்கிப் போவாள். பெரியவன் தூளியை ஆட்டுகிறேன் என்று சுவரில் கொண்டுபோய் இடிப்பான். "டேய், மெதுவாடா!" என்று நான் கத்த, பாப்பா தூளிக்குள்ளிருந்து கெக்கெக்கென்று சிரிப்பாள். இடித்தால் அவளுக்குச் சிரிப்பு. அதனால் இவன் இன்னும் இடிப்பான்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு அவர் பெரியவனுக்கு ஒரு சப்பரம் வாங்கி வந்தார். சின்ன மரச் சக்கரம், மேலே கலர் பேப்பர். அதில் சாமி படம் வைத்து இழுக்க வேண்டியவன், தங்கையைத்தான் உட்கார வைப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவள் கனத்துக்கு அது தாங்குமா? முற்றத்தில் இரண்டடி நகர்ந்து சக்கரம் கழன்றது. அவன் அழ, அவள் சிரிக்க, அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுதான் எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள்

ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சமயம். கிணற்றுத் தண்ணீரும் கலங்கித்தான் இருந்தது. எனக்குப் பால் பத்தவில்லை என்று நானே நினைத்துக்கொண்டு, ஆறாம் மாசத்திலிருந்து பாட்டிலில் பசும்பால் கொடுத்து வந்தேன். பாட்டிலையும் ரப்பரையும் கிணற்றுத் தண்ணீரில் நன்றாகத்தான் கழுவுவேன். கொதிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

ஆடிப்பெருக்கு கழிந்து பத்து நாள் இருக்கும். பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. "பல்லு முளைக்குதுல்ல, அப்படித்தான் போகும்" என்றார்கள். எதிர்வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார்: "பாலை நிறுத்து. தண்ணியும் குடுக்காதே. உள்ளே போகப் போகத்தானே வெளியே வரும்? வயிறு காயட்டும், தானா நிக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குழந்தை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் டம்ளரை மறைத்து வைத்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அழுதாள், கண்ணில் தண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி பள்ளம் விழுந்திருக்கிறது என்று அத்தை அதில் விளக்கெண்ணெய் வைத்தார். ராத்திரி முழுக்க ஒரு துணிகூட நனையவில்லை. நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒன்றுக்குப் போகவே உடம்பில் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. இந்தக் கை, அந்தக் கை, கடைசியில் காலில் பார்த்தார்கள். "தண்ணி ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தூளியை அவிழ்த்துவிட்டார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பத்தவில்லை என்று நினைத்தேனே, அந்தப் பால். அத்தை மல்லிகைப் பூவைத் துணியில் வைத்து மார்பில் கட்டிவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்கப்புறம் பாப்பாவின் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் எனக்கு வருத்தம் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். எடுக்காததுதான் எனக்கு வருத்தம் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. பெரியவன் மட்டும் ஒரு நாள் "பாப்பா எப்பம்மா வரும்?" என்று கேட்டு, பதில் வராமல் போனதும் பிறகு கேட்கவில்லை.

ஒரு பொட்டலம்

1982-இல் சின்னவள் பிறந்தாள். அவளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் சுகாதார நர்ஸம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் காட்டினார். "வயித்தால போனா முதல் காரியம் இது. நிறுத்தக் கூடாதது தண்ணி" என்றார். நான் கூட்டத்தின் நடுவில் நின்று அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

அந்தப் பொட்டலம்தான் ஓ.ஆர்.எஸ். அதன் கதையைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1971-இல் வங்காளதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துத் தண்ணீர் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதில் என்ன சூட்சுமம்? பேதியாகும்போது குடலுக்கு வெறும் தண்ணீரைச் சரியாக இழுத்துக்கொள்ள முடிவதில்லை. உப்பும் சர்க்கரைச் சத்தும் சரியான அளவில் சேர்ந்து போனால் இரண்டும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகும். தண்ணீரும் கூடவே போய்விடும். பேதி உடனே நிற்காது. ஆனால் உடம்பு வற்றாது. குழந்தையைக் கொண்டு போவது அந்த வறட்சிதான்.

பல் முளைப்பதால் பேதியாவதில்லை. தவழும் வயசில் கண்டதையும் வாயில் வைப்பதால்தான் கிருமி போகிறது. பாட்டிலும் கிருமிக்குச் சொகுசான வீடு. அத்தை பார்த்த உச்சிக்குழிப் பள்ளம் பொய்யில்லை, தெரியுமா? உடம்பில் தண்ணீர் வற்றியதற்கு அதுவே அடையாளம். பெரியவர்களின் கண் சரியாகத்தான் பார்த்தது; வைத்தியம்தான் எண்ணெய் இல்லை, தண்ணீர்.

கணக்கெடுக்க வந்த டீச்சர்

1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கல்யாணமான பெண்களிடம் ஒரு கேள்வி: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை?

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏழு பெத்தேன். அஞ்சு இருக்கு."

நான் திகைத்துப் போனேன். அந்த வீட்டுக்கு வந்து பதினேழு வருஷம். ஐந்து பேரைத்தான் எனக்குத் தெரியும். டீச்சர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தைதான் என் கையைத் தொட்டு, "சொல்லுடி" என்றார்.

"மூணு பெத்தேன். ரெண்டு இருக்காங்க."

டீச்சர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் அடுக்களையில் அத்தை பேசினார். ஒரு பையன் அம்மையில் போனானாம், ஒரு பெண் பேதியில். "எனக்கும் இதேதான் சொன்னாங்க, தண்ணி குடுக்காதேன்னு. நானும் குடுக்கலை. உன் பாப்பாவுக்கு அன்னிக்கு நான்தான் சொல்லியிருக்கணும். எனக்கும் தெரியலையேம்மா" என்றார். பதினோரு வருஷமாக நான் என்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அவரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு!

அன்று ராத்திரி பெரியவனிடமும் சின்னவளிடமும் பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். பெரியவனுக்கு அப்போது பதினைந்து வயசு. "சப்பரம் எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றான்.

2012-இல் சின்னவள் தன் பத்து மாசக் குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். ராத்திரி அதற்குப் பேதி, வாந்தி. அவள் பயந்துபோய் அழுதாள். நான் அழவில்லை. பொட்டலத்தைக் கரைத்து, பாலாடையில் விடிய விடியக் கொடுத்தேன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. நடுநடுவே அவள் தாய்ப்பால் கொடுத்தாள். காலை நாலு மணிக்குக் குழந்தை என் மடியை நனைத்தது. அந்த ஈரத்துக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அடுக்களை அலமாரியில் ஒட்டி வையுங்கள்

1. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 20.5 கிராம் பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று உத்தேசமாகக் கலக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

2. ஒவ்வொரு தடவை பேதியானதும், 2 வயசுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூனில்.

3. பொட்டலம் கிடைக்காத அவசரத்தில்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. பெட்டியில் வரும் இனிப்பு ஜூஸும் சோடாவும் இதற்கு ஈடாகாது.

4. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் குழந்தைக்குச் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது.

5. துத்தநாக மாத்திரை 14 நாள்: 6 மாசத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்றாலும் முழுக்கக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

6. கண் குழி விழுதல், கண்ணீர் வராத அழுகை, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புதல், மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை, மயக்கத் தூக்கம் — இதில் ஒன்றிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள். 6 மாசத்துக்குட்பட்ட குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

7. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016 முதல் படிப்படியாக நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு நிலையங்களில் இலவசம். தவற விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள் இருப்பாள். "மறந்துடு" என்று சொல்லாதீர்கள். அந்தக் குழந்தையின் பெயரைக் கேளுங்கள், எப்படிச் சிரிக்கும் என்று கேளுங்கள். அவள் அழட்டும், பரவாயில்லை. கல்யாண வீடுகளில் என்னைக் கேட்பார்கள், "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?" என்று. நான் மூணு என்றுதான் சொல்கிறேன்.